மென்பொருட் பயிற்சியில் ஒரு மாணவி

புத்தளம் நகரை அடுத்துக் களப்போரமாக அமைந்துள்ள ஊர் தில்லையடி. உப்பளங்களும் தென்னந்தோப்புகளும் மீன்பிடியும் அப்பகுதி மக்களின் பழைய வாழ்வாதாரங்கள். 1990 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் அவ்வூரின் வரலாறு வேறு வழியிலே திரும்பியது. வட மாகாணத்து முஸ்லிம் மக்கள், ஏறத்தாழ எழுபத்தையாயிரம் பேர், விடுதலைப் புலிகள் இயக்கத்தினரால் தம் ஊர்களினின்றும் வெளியேற்றப்பட்டனர். மன்னார்ப் பகுதியினர் பலர் படகேறிக் கற்பிட்டியிலே கரையிறங்கினர். ஏனையோர் தரை வழியே வந்தனர். அவர்களுட் பெருந்தொகையினர் புத்தளம் மாவட்டத்தில் அடைக்கலம் புகுந்தனர். தில்லையடியிலும் கிடுகு வேய்ந்த முகாம்கள் எழுந்தன. அம்முகாம்களிருந்த இடங்களில் இன்று குடியிருப்புகளும் பாடசாலைகளும் பள்ளிவாசல்களும் உள்ளன.

வீடு இழந்து வந்தவனுக்கு முதலில் வேண்டியது கூரை. அடுத்து வேண்டியது பட்டியலில் ஒரு பெயர். பங்கீட்டு அட்டைக்கும், பிள்ளையின் பாடசாலை அனுமதிக்கும், வாக்குரிமைக்கும் அப்பெயரே ஆதாரம். பெயரில் ஓர் எழுத்துப் பிழைத்தால் எத்தனை அலுவலகப் படிகள் ஏற வேண்டும் என்பதை அம்மக்கள் நன்கறிவர்.

இத்தகைய ஊரிலே வளர்ந்த மாணவி ஒருத்தி, உயர்தரப் பரீட்சையிற் சித்தியெய்திப் பல்கலைக்கழகத்திலே கணினி அறிவியல் பயில்கிறாள் என வைத்துக்கொள்வோம். மூன்றாம் ஆண்டளவில் அவள் தொழிலகப் பயிற்சிக்குச் செல்லவேண்டும். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் 1985 இல் தொடங்கிய கணினி அறிவியல், பொறியியல் துறையின் மாணவர் ஏறத்தாழ ஆறு மாத காலம் இவ்வாறு நிறுவனமொன்றிலே பணிபுரிவது வழக்கம். பொறியியல் மாணவர் பயிற்சிக் காலத்தில் நாட்குறிப்பேடு ஒன்றையும் எழுதி வருவர். அன்றன்று செய்த வேலை, எதிர்ப்பட்ட இடர், அதற்குக் கண்ட தீர்வு ஆகியவை அதிலே பதியப்படும்.

அந்த ஆறு மாதத்தில் மாணவி கற்பது யாது? கணினிக்குக் கட்டளை எழுத அவள் முன்னரே அறிவாள். ஆனால் வகுப்பறையில் எழுதிய நிரல் ஆசிரியர் புள்ளியிட்டதும் முடிந்துபோகிறது. தொழிலகத்து நிரலோ பத்தாண்டு வாழக்கூடியது. அதனைப் பலர் எழுதியிருப்பர். அவருட் சிலர் நிறுவனத்தை விட்டே சென்றிருப்பர். எனவே முதல் சில வாரங்கள், எழுதுவதைக் காட்டிலும் பிறர் எழுதியதைப் படிப்பதிலேயே அவளுக்குக் கழிகின்றன.

பின்னர்ச் சிறு வேலையொன்று தரப்படுகிறது. அவள் செய்த திருத்தம் உடனே பயனுக்கு வருவதில்லை. மூத்த பொறியியலாளர் ஒருவர் அதனை வரிவரியாகப் படித்து, ஐயம் தோன்றிய இடத்திற் குறிப்பெழுதித் திருப்பி அனுப்புவார். ‘கிட்’ எனப்படும் பதிப்புக் காப்பு முறை, எந்த வரியை யார், எப்போது மாற்றினார் என்பதைப் பேணி வைக்கிறது. லினக்சை ஆக்கிய லீனஸ் டோர்வால்ட்ஸ் 2005 இல் இம்முறையை உருவாக்கினார். பிழை நேரின் முன்னைய நிலைக்கு மீளவும் முடிகிறது. தன் எழுத்தைப் பிறர் திருத்துவது முதலில் மாணவிக்கு மனச்சோர்வு தரலாம். மூத்தவர் எழுதியதும் அவ்வாறே படிக்கப்படுகிறது என்று கண்டபின் அச்சோர்வு நீங்கிவிடும்.

இப்பயிற்சியின் பயனை விளக்க ஓர் எடுத்துக்காட்டுப் போதும். ‘தில்லையடி’ என்னும் பெயரில் எழுத்துகள் எத்தனை? தி, ல், லை, ய, டி என ஐந்து என்பான் தமிழ் கற்ற சிறுவன். ஆனால் யூனிக்கோடு என்னும் உலகப் பொது எழுத்துமுறை உயிர்மெய்யெழுத்தை வேறு வகையாகப் பதிகிறது. தகரம் ஒரு குறியீடு. அதன்மேல் ஏறும் இகரக் கொக்கி மற்றொரு குறியீடு. புள்ளிக்கும் தனிக் குறியீடு உண்டு. இக்கணக்கின்படி ‘தில்லையடி’ ஒன்பது குறியீடுகளாகும். பெரிதும் வழங்கும் சேமிப்பு முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட்டு இடம் வேண்டும். ஆகவே பெயர் முழுமைக்கும் இருபத்தேழு.

இனி, படிவம் ஒன்றில் ஊர்ப் பெயருக்கு எட்டுக் குறியீடு போதும் என ஒருவர் வரையறுத்துவிட்டார் என்று கொள்க. ஐந்தெழுத்துப் பெயர்தானே என்பது அவர் எண்ணம். கணினி ஒன்பதாவது குறியீட்டை வெட்டிவிடுகிறது. ஊர் ‘தில்லையட’ ஆகிவிடுகிறது. ஆங்கிலப் பெயர்களை மட்டும் இட்டுச் சோதித்தவருக்கு இப்பிழை தோன்றாது. தில்லையடி மாணவி தன் ஊர்ப் பெயரையே இட்டுச் சோதிப்பாள். பிழை முதல் நாளே வெளிப்படும். மேற்பார்வையாளர் அதற்கெனச் சோதனை நிரல் ஒன்றை எழுதச் சொல்வார். அதன்பின் யார் எத்திருத்தம் செய்தாலும் அச்சோதனை தானாக ஓடி, பெயர் முழுமையாக உள்ளதா எனப் பார்க்கும். ஊரார் பட்ட துன்பத்தினின்று அவள் பெற்ற அறிவு இவ்வாறு அனைவருக்கும் காவலாகிறது.

இலங்கையிலே இதற்குச் சிறந்த முன்மாதிரி உண்டு. 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள் கடல்கோள் நம் கரைகளைத் தாக்கியபோது முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் இந்நாட்டில் உயிரிழந்தனர். காணாமற் போனோரைத் தேடவும், முகாம்களின் தேவைகளை அறியவும், உதவி நிறுவனங்களை ஒருங்கிணைக்கவும் இங்குள்ள மென்பொருள் வல்லுநர் தன்னார்வத்துடன் கூடி ‘சஹன’ என்னும் மென்பொருளை ஆக்கினர். நிவாரணம் என்பது அச்சிங்களச் சொல்லின் பொருள். எவரும் எடுத்துப் பயன்படுத்தவும் திருத்தவும் கூடிய கட்டற்ற மென்பொருளாக அதனை வெளியிட்டனர். 2005 இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் அது பயன்பட்டது. சமுதாய நலனுக்கென அமைந்த ஆக்கம் என்ற வகையில், கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் 2006 ஆம் ஆண்டு விருது அதற்குக் கிட்டியது. ஒரு தீவின் துயரத்தில் பிறந்த பட்டியல் முறை பிற நாட்டாரின் துயர் துடைக்கவும் உதவியது.

எனினும் இப்பயிற்சியை அடைவது எல்லார்க்கும் எளிதன்று. நிறுவனங்களிற் பெரும்பாலானவை கொழும்பிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் உள்ளன. புத்தளத்திலிருந்து கொழும்பு ஏறத்தாழ நூற்றுமுப்பது கிலோமீற்றர். நாள்தோறும் சென்று திரும்புதல் இயலாது. அறை வாடகைக்கும் உணவுக்கும் பணம் வேண்டும். பயிற்சிக்கான கொடுப்பனவு நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். கூலி வேலை செய்யும் தந்தை ஆறு மாதச் செலவை எண்ணித் தயங்குவது இயல்பே. நேர்முகத் தேர்வு ஆங்கிலத்தில் நடைபெறுவதால், அறிவிருந்தும் நாத்தடுமாறுவோர் உளர்.

2020 ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக்குப் பின் வீட்டிலிருந்தே பணி செய்யும் வழக்கம் பரவியது. தில்லையடிக்கு இது நன்மையே. ஆயினும் முழுத் தீர்வன்று. ஐயம் வந்தபோது பக்கத்து நாற்காலியில் இருப்பவரைக் கேட்பதுதான் பயிற்சியின் உயிர்நாடி. தொடக்கத்தில் இரண்டு மாதமேனும் அலுவலகத்திலும், எஞ்சிய காலம் ஊரிலுமாக அமைத்தால் செலவு குறையும், கல்வியும் குறையாது. அவ்விரண்டு மாதத் தங்குமிடச் செலவை நிறுவனங்கள் ஏற்குமாயின் வெளி மாவட்டத்து மாணவர் பலர் முன்வருவர்.

இன்னொரு வழியும் திறந்தேயுள்ளது. கூகிள் நிறுவனம் 2005 முதல் ‘கோடைக்கால நிரலாக்கம்’ என்னும் திட்டத்தை நடத்தி வருகிறது. கட்டற்ற மென்பொருட் குழுக்களில் வழிகாட்டி ஒருவரின்கீழ், வீட்டிலிருந்தபடியே பணிபுரிந்து உதவித்தொகை பெறலாம். மொறட்டுவை மாணவர் இதில் உலகளவில் முன்னணியில் நின்றுள்ளனர். 2022 முதல், பதினெட்டு வயது நிரம்பிய புதியவர்கள் மாணவரல்லாதவராயினும் இதிலே சேரலாம். பாடசாலை ஆசிரியர்கள் இச்செய்தியை உயர்தர வகுப்பிலேயே எடுத்துரைத்தல் வேண்டும்.

பயிற்சி முடிந்து ஊர் திரும்பும் மாணவியின் நாட்குறிப்பேட்டில் பெரிய சாதனைகள் எழுதப்பட்டிரா. தன் பெயரோடு சேர்ந்த சில நூறு வரிகள், அவற்றிற் கண்ட பிழைகள், திருத்திய விதம் என்பனவே இருக்கும். அவ்வரிகளுள் ஒன்று, எங்கோ ஒரு கந்தோரில், முகமறியாத ஒருவரின் பெயரை ஓரெழுத்தும் குறையாமல் காத்து நிற்குமாயின், அவள் கற்ற தொழில் பயன் தந்துவிட்டது.