உரோம வெள்ளியும் தமிழர் உரைகல்லும்

(கம்மாபுரத்தில் ஆற்றிய உரை)



மண்ணைச் சூளையிற் சுட்டுப் பீங்கானாக்கும் முதுகுன்றத்தின் அண்மையிலுள்ள இவ்வூரார்க்கு, மண்ணுள் கிடந்த வெள்ளியின் வரலாறு கேட்கத்தக்கதே.

புதுவையை அடுத்த அரிக்கமேட்டில் 1945-இல் வீலர் அகழ்ந்தபோது, இத்தாலியின் அரெசோ நகரில் வனைந்த செங்கலங்களின் ஓடுகள் கிடைத்தன. கலம் வனைவார்க்கு ஓடே சான்று. வணிகர்க்கோ காசே சான்று.

உரோமர்தம் வெள்ளிக் காசு தெனாரியசு எனப்படும். கொங்கு நாட்டில் அது குவியல் குவியலாய்க் கிடைத்துளது. கோவையை அடுத்த வெள்ளலூரில் 1842-இல் மட்டும் ஐந்நூற்றுக்கு மேல் வெளிப்பட்டன. பாலைக்காட்டுக் கணவாய் வழியாக மேலைக் கடற்கரையைக் கருவூரொடு இணைத்த பெருவழி அப்பகுதியிற் சென்றது.

அக்குவியல்களுட் பெரும்பாலன இரு பேரரசர் காசுகளே. ஒன்று, கி.மு. 27 முதல் கி.பி. 14 வரை ஆண்ட அகசுடசு அடித்தது. பின்புறத்தே அவன் பெயரர் இருவர் கேடயமும் வேலுமாய் நிற்பர். மற்றொன்று, கி.பி. 37 வரை ஆண்ட திபேரியசு அடித்தது. அதன்கண் பெண்ணொருத்தி அமர்ந்திருப்பாள்.

எத்தனையோ வகைக் காசடித்த உரோமிலிருந்து இவ்விரு வகையே இங்குக் குவிவானேன்? அயலான் ஈந்ததைக் கைந்நீட்டி வாங்கியவன் தமிழன் என்பார் இதற்கு விடை கூறட்டும்! இவ்விரண்டும் கலப்பற்ற நல்வெள்ளி; ஒரே சீரான எடையின. கி.பி. 64-இல் நீரோ மன்னன் காசின் எடையைக் குறைத்தான். ஓர் உரோம நிறைக்கு 84 காசு அடித்த இடத்தில் 96 அடித்தான். செம்பையும் மிகுதியாய்க் கலந்தான். அதன்பின் அடித்த வெள்ளிக் காசுகள் தமிழ்நாட்டிற் கிடைப்பது மிக அரிது. உரோமில் அக்காசு செல்லும். அரசன் ஆணை அங்குண்டு. மிளகு விற்ற தமிழ் வணிகனுக்கு அவ்வாணை எற்றுக்கு? அவன் நோக்கியது அரசன் முகத்தையன்று, வெள்ளியின் தரத்தை. ஆய்வாளர் பலரும் கொண்ட முடிபு இது.

ஆண்டுதோறும் ஐந்து கோடி செசுட்டர்சு இந்திய நாட்டிற்குப் போகின்றதென உரோம அறிஞர் பிளினி வருந்தி எழுதினார். நான்கு செசுட்டர்சு ஒரு தெனாரியசு. அவர் சற்று மிகைப்படக் கூறியிருக்கலாம். எனினும் வருத்தம் மெய்.

இனி, நம் பெருமைக்குரியது ஒன்றுண்டு. கருவூரிற் கிடைத்த சேரர் வெள்ளிக் காசில், உரோமக் காசு போன்றே அரசன் தலையுருவம் உளது. முறை அயலாரிடம் கற்றதே. அதை மறைக்க வேண்டா. ஆனால் தலைக்குமேல் பொறித்த எழுத்து உரோமருடையதன்று. 'மாக்கோதை' எனத் தமிழில், அந்நாளைய தமிழி எழுத்தில் உளது! 'குட்டுவன் கோதை' எனப் பொறித்த காசும் உண்டு. கற்றதைத் தன் மொழியில் எழுதிக்கொண்டான் சேரன். இன்று கடைப்பலகையைத் தமிழில் எழுதவும் கூசுவார் இக்காசைக் காணல் நன்று.

இத்தகைய காசுகள் எத்தனையோ பட்டறை உலைகளில் உருகிப் போயின. உழும்போதோ கிணறு வெட்டும்போதோ பழங்காசு கிடைப்பின், 1878-ஆம் ஆண்டுப் புதையற் சட்டப்படி மாவட்ட ஆட்சியர்க்கு அறிவித்தல் வேண்டும். அதுவரை அதனைப் புளியிட்டு விளக்காதீர், தேய்வது எழுத்தே.