கல்யாணப் படம் கைக்கு வரும் வழி



மட்டாஞ்சேரியில், 1568-ல் கட்டப்பெற்ற ஜெபாலயம் நிற்கும் யூதர் தெருவின் வழியே மாலை வேளையில் நடப்போர் ஒரு காட்சியைக் காணக்கூடும். மிளகும் சுக்கும் மணக்கும் பழைய கட்டடச் சுவரின் முன்னே மணமக்கள் நிற்பர். எதிரே புகைப்படக்காரர் மண்டியிட்டிருப்பார். அவர் எடுக்கும் படம் உரியவர் கைக்கு எவ்விதம் வந்து சேருகிறது என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயம். அற்ப விஷயமாகத் தோன்றலாம். நமக்கும் முன்பு அப்படித்தான் தோன்றிற்று.

சில ஆண்டுகளுக்கு முன் நம் தமக்கை மகளின் திருமணம் இவ்வூரில் நடைபெற்றது. தென்காசியிலிருந்து நம் தந்தையார் வந்திருந்தார். புகைப்படக்காரர் படங்களை இணையத்தில் ஏற்றி, ஏழு நாள் மட்டுமே செல்லுபடியாகும் ஓர் இணைப்பை அனுப்பினார். கல்யாண வீட்டில் பாத்திரக் கணக்கு முடியவே ஏழு நாள் ஆகுமல்லவா? அதற்குள் இணைப்புக் காலாவதியாயிற்று. வாட்ஸ்அப்பில் வந்த நாற்பது படங்கள் போதுமென்று இருந்துவிட்டோம்.

மறு ஆண்டு தந்தையார் காலமானார். பேத்திக்கு அவர் அட்சதை தூவும் படத்தைப் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்ட விரும்பினோம். "பெரிசாக்கினால் முகம் கலங்கிவிடும், சார்" என்றார் அச்சிடும் கடைக்காரர். ஸ்டுடியோவில் விசாரித்தால், இடமின்மையால் மூலப் படங்களை அழித்துவிட்டதாகக் கூறினர். வைத்திருக்க வேண்டுமென்று நாமும் சொன்னதில்லை. பழைய ஸ்டுடியோக்கள் நெகடிவ்களை எண்ணிட்டுக் காத்து வந்த வழக்கம் இன்னும் இருப்பதாக எண்ணியது நம் பிழை.

முகம் கலங்குவானேன்? 24 மெகாபிக்சல் காமிராவில் எடுத்த படம் நீளவாக்கில் 6000 புள்ளிகள் கொண்டது. அங்குலத்திற்கு 300 புள்ளி என அச்சிட்டால் 20 அங்குலம் வரை தெளிவாக நிற்கும். வாட்ஸ்அப்பில் சாதாரண முறையில் அனுப்பும்போது அது ஏறத்தாழ 1600 புள்ளியாகச் சுருங்கிவிடும். அக்கணக்கில் ஐந்து அங்குலத்திற்கு மேல் தாங்காது. 2023-ல் வந்த எச்.டி. முறை இதனினும் மேலானது. ஆயினும் மூலப் படத்துக்கு ஈடாகாது. அதே வாட்ஸ்அப்பில் 'டாக்குமெண்ட்' என்ற பிரிவின் வழியே அனுப்பினால் படம் சுருங்காமல் வந்து சேரும். இதனை அறியாதோர் பலர்.

ஒரு கல்யாணத்தில் 2000 படம், படத்துக்கு 10 எம்.பி. என்று கொண்டால் 20 ஜி.பி. ஆகிறது. கூகுள் இலவசமாகத் தருவதோ, மின்னஞ்சலுக்கும் சேர்த்து, 15 ஜி.பி. தான். இரண்டாண்டு தொடாத கணக்கை அழிக்கலாமென்ற விதியும் உண்டு. மாற்றலாகி ஊர் ஊராய்ச் செல்லும் நம்மனோர் பழைய ஊரின் தொலைபேசி எண்ணைக் கைவிட்டு, அதனுடன் கணக்கைத் திறக்கும் வழியையும் இழப்பதுண்டு. தற்காலிகப் பரிமாற்றத் தளங்களோ தபால்காரரைப் போன்றவை; கொண்டுவந்து கொடுக்குமேயன்றிக் காத்து வைக்கமாட்டா. 2020 மே மாதம் வீட்ரான்ஸ்ஃபர் தளத்தை முடக்குமாறு நம் நாட்டுத் தொலைத்தொடர்புத் துறையே ஆணையிட்டதும் நினைவிருக்கலாம்.

ஆகவே பார்ப்பதற்கும் ஆல்பத்துக்குத் தெரிவு செய்வதற்கும் இணைப்பு. வைத்துக்கொள்வதற்கு ஹார்டு டிஸ்க் என்பது நம் அபிப்பிராயம். பென்டிரைவும் கொடுக்கலாம், ஆனால் பல ஆண்டுகள் மின்சாரமின்றிப் பெட்டியில் கிடந்தால் அதிலுள்ளவை கெடக்கூடும். டிஸ்க் கீழே விழுந்தாலும் போயிற்று. கொச்சியில் ஒரு பிரதியும் தாதரிலோ பெங்களூரிலோ உள்ள உறவினரிடம் மற்றொன்றும் இருத்தல் நலம். கைப்பேசி பழகாத பாட்டிமார்க்குப் பத்துப் படங்களை அச்சிட்டே அனுப்பவேண்டும்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி, பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவரே புகைப்படத்தின் முதல் உரிமையாளர். மாறான உடன்படிக்கை இல்லாதவிடத்து என்பது நிபந்தனை. மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட நமக்கு இத்தகைய 'இல்லாதவிடத்து'களில் எப்போதும் ஒரு கண் உண்டு. ஸ்டுடியோ நீட்டும் தாளில் அந்த மாறான வாசகம் இருக்கலாம். படித்த பிறகே கையெழுத்திடுக. மேலும், உரிமை நம்முடையதாயினும், அழிந்த படத்தைச் சட்டம் மீட்டுத் தராது.

தந்தையார் படம் இப்போது ஐந்தங்குலச் சட்டத்தில் தமக்கையின் மேசைமேல் இருக்கிறது. வரும் தை மாதம் அவருடைய இளைய மகனுக்குத் திருமணம். மூலப் படங்கள் முழுவதும் டிஸ்கில் தரப்படும், ஓராண்டு வரை ஸ்டுடியோவிலும் ஒரு பிரதி இருக்கும் என்று முன்பண ரசீதிலேயே எழுதி வாங்கியிருக்கிறோம்.