ஈரல் நோயும் கொரோனா தடுப்பூசியும்

(தொடர் கல்வி மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

2021ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் தேதி நம் நாட்டில் கொரோனா தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். அப்போது ஈரல் நோயாளி இருந்த வீடுகளில் ஒரு பயம் வந்தது. "ஏற்கெனவே ஈரல் கெட்டிருக்கிறது. ஊசியை உடம்பு தாங்குமா?" என்று கேட்டார்கள். அந்தப் பயத்தில் ஊசியே போடாமல் இருந்தவர்களும் உண்டு. அந்தப் பயம் சரியா, தவறா? அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

ஈரல் என்ன செய்கிறது?

வயிற்றின் வலப்பக்கம், விலா எலும்புகளுக்குள்ளே இருப்பது கல்லீரல். அது உணவின் சத்தைச் சேர்த்து வைக்கிறது. உடம்பில் சேரும் நஞ்சை முறிக்கிறது. காயம் பட்டால் ரத்தம் உறைய உதவுகிறது. நோய்க் கிருமிகளோடு போராடவும் உதவுகிறது.

குடியால் ஈரல் கெடும். மஞ்சள் காமாலைக் கிருமிகளில் பி, சி என்று இரண்டு வகை உண்டு. அவற்றாலும் கெடும். உடல் பருமனாலும் சர்க்கரை நோயாலும் கெடலாம். நாள்பட்டால் ஈரல் தழும்பேறிச் சுருங்கிவிடும். இதுதான் ஈரல் சுருக்க நோய். நோய் முற்றினால் கண் மஞ்சளாகும். வயிற்றில் நீர் கோக்கும். ரத்த வாந்தி வரும். சிலருக்கு மாற்று ஈரல் பொருத்த வேண்டியிருக்கும். நம் நாட்டில் இந்த அறுவை முதன்முதலில் வெற்றி பெற்றது 1998ஆம் ஆண்டு, டில்லியில்.

எது பெரிய ஆபத்து?

தடுப்பூசி வருவதற்கு முன், 2020ஆம் ஆண்டில், ஒரு கணக்கு எடுத்தார்கள். 29 நாடுகளில் கொரோனா வந்த 745 ஈரல் நோயாளிகளின் விவரத்தைச் சேர்த்தார்கள். ஈரல் சுருங்காதவர்களில் 100க்கு 8 பேர் இறந்தார்கள். ஈரல் சுருங்கியவர்களில் 100க்கு 32 பேர் இறந்தார்கள். சுருக்க நோய் மிகவும் முற்றியவர்களில் பாதிப் பேர் பிழைக்கவில்லை.

நண்பர்களே, இந்தக் கணக்கை யோசித்துப் பாருங்கள். ஊசி போட்டால் இரண்டு நாள் கை வலிக்கும். காய்ச்சல் வரலாம். ஆனால் ஊசி போடாமல் கொரோனா வந்தால் உயிருக்கே ஆபத்து. ஆகவே, ஈரல் நோய் இருக்கிறது, அதனால் ஊசி வேண்டாம் என்பது தவறு. ஈரல் நோய் இருப்பதால்தான் ஊசி வேண்டும்.

அரசும் அப்படித்தான் நினைத்தது. 2021 மார்ச் 1ஆம் தேதி முதல் 60 வயது ஆனவர்களுக்கு ஊசி போட்டார்கள். 45 வயதுக்கு மேல் சில கடும் நோய்கள் உள்ளவர்களுக்கும் அப்போதே போட்டார்கள். அந்த நோய்ப் பட்டியலில் முற்றிய ஈரல் சுருக்கம் இருந்தது. மாற்று ஈரல் பெற்றவர்களும், அதற்காகக் காத்திருந்தவர்களும் இருந்தார்கள். அவர்களை ஒதுக்கவில்லை, முன் வரிசையில் நிறுத்தினார்கள்.

ஊசியால் கொரோனா வருமா?

வராது. கோவாக்சினில் இருப்பது கொல்லப்பட்ட கிருமி. கோவிஷீல்டில் இருப்பது வேறொரு கிருமி. அது உடம்பில் பெருகாதபடி மாற்றப்பட்டது. இரண்டாலும் கொரோனா வராது.

"கோவிஷீல்டு போட்டால் ரத்தம் உறையுமாமே?" என்று நீங்கள் கேட்கலாம். அப்படி ஒரு கோளாறு உண்டு. ஆனால் அது மிக மிக அரிது. வந்தாலும் ஊசி போட்ட சில வாரங்களுக்குள் வரும். எப்போதோ போட்ட ஊசியை நினைத்து இன்று பயப்பட வேண்டாம்.

மாற்று ஈரல் பெற்றவர்கள்

இவர்கள் தினமும் ஒரு மருந்து சாப்பிடுகிறார்கள். புதிய ஈரலை உடம்பு எதிர்க்காமல் இருக்க அந்த மருந்து வேண்டும். ஆனால் அதே மருந்து தடுப்பூசியின் பலனையும் குறைக்கிறது. 2021இல் இஸ்ரேல் நாட்டில் மாற்று ஈரல் பெற்ற 80 பேரைச் சோதித்தார்கள். அங்கு போட்ட ஊசி வேறு வகை. இரண்டு ஊசி போட்ட பிறகும் பாதிப் பேருக்குக்கூடப் போதிய எதிர்ப்புச் சக்தி ரத்தத்தில் உண்டாகவில்லை.

அப்படியானால் ஊசி வீணா? இல்லை. குறைந்த காப்பும் காப்புதான். அதனால்தான் இவர்களுக்குக் கூடுதல் ஊசி தேவைப்படுகிறது. முடிந்தால் அறுவைக்கு முன்பே ஊசி போட்டுக்கொள்வது நல்லது. அறுவை முடிந்திருந்தால் எப்போது போடுவது என்று மருத்துவர் சொல்வார். ஊசிக்காகத் தினசரி மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் புதிய ஈரலே கெட்டுப்போகலாம்.

வீட்டில் உள்ள மற்றவர்களும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். இருமல், காய்ச்சல் உள்ளவர் நோயாளியின் அருகில் போகக் கூடாது. போக நேர்ந்தால் முகக்கவசம் அணிய வேண்டும். பயிருக்கு வேலி போல, நோயாளிக்குக் குடும்பமே வேலி.

கவனிக்க வேண்டியவை

ஊசி போடும் முன் உங்கள் நோயையும் மருந்துகளையும் செவிலியரிடம் சொல்லுங்கள். ஈரல் நோயில் ரத்தம் நிற்கத் தாமதமாகலாம். ஊசி போட்ட இடத்தைச் சில நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். தேய்க்காதீர்கள்.

காய்ச்சல் வந்தால் பாரசிட்டமால் மாத்திரையை மருத்துவர் சொன்ன அளவுக்கு மேல் சாப்பிடாதீர்கள். அளவு மீறினால் அது ஈரலைக் கெடுக்கும்.

கண்ட கஷாயத்தையும் குடிக்காதீர்கள். கொரோனா காலத்தில் பலர் சீந்தில் கொடியை உண்டார்கள். அப்படி உண்ட 6 பேருக்கு ஈரல் பாதித்ததாக 2021இல் மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் இதை ஏற்கவில்லை. ஆனாலும் ஈரல் நோயாளிகள் எந்த மருந்தையும் மருத்துவரைக் கேட்டே சாப்பிட வேண்டும்.

இப்போது என்ன செய்வது?

கொரோனா நெருக்கடி முடிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5ஆம் தேதி அறிவித்தது. நெருக்கடிதான் முடிந்தது. கிருமி போய்விடவில்லை. 2021இல் இருந்ததுபோல ஊர்தோறும் ஊசி முகாம் இப்போது இல்லை. ஆகவே நாம்தான் கேட்க வேண்டும். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது மூன்று கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

1. எனக்கு இன்னும் கொரோனா ஊசி தேவையா?

2. ஃப்ளூ காய்ச்சல் ஊசி போடலாமா?

3. பி வகை மஞ்சள் காமாலைக்கு ஊசி போடலாமா?

போட்ட ஊசியின் பெயரையும் தேதியையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டது இதற்கும்தான். உங்கள் தெருவில் ஈரல் நோயாளி யாராவது இருந்தால், இந்த உரையை அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.