நெல்மணி தரும் பாடம்

சித்தையன்கோட்டை வயலில் விழும் நெல்மணி நெல்லாகவே முளைப்பதேன்? அதனுள் டி.என்.ஏ. என்னும் நான்கெழுத்து ஏடு உள்ளது. இந்தியாவிற் பிறந்த ஹர் கோவிந்த் கொரானா 1970-இல் ஒரு மரபணுவையே சோதனைச்சாலையில் கோத்துக் காட்டினார்.

கணிப்பொறியின் 0, 1 குறிகளை இவ்வெழுத்துகளாக மாற்றி, 2012-இல் ஹார்வர்டு அறிஞர்கள் ஒரு முழு நூலையே பதித்தனர். 2017-இல் ஓடும் குதிரையின் படத்தை உயிருள்ள பாக்டீரியாக்களுள் வைத்தனர்.

ஓலைச்சுவடியைக் கறையான் அரிக்கும், டி.என்.ஏ.வோ குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் பல்லாயிரம் ஆண்டு நிற்கும். ஆயினும், சுவடி தானே பெருகாது, உயிரணுவோ பெருகும். அதில் எழுதிய பிழையும் உடன் பெருகும். வெளியே பரவினால் மீட்டல் அரிது. ஆகவே, எவர் இசைவுடன் எழுதுகிறோம், தவறினால் எவர் பொறுப்பு என்று எழுதுமுன் வினவுதலே அறிவியலார்க்கு அறம் அன்றோ?