வாசலில் மார்க் கேட்காத காலேஜ்

(எங்கள் கிளையின் காலாண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் நண்பர் ஒருவர், "உங்கள் பேரன் அமெரிக்காவில் என்ன படிக்கிறான்?" என்று கேட்டார். "கலிபோர்னியாவில் காலேஜ் படிக்கிறான்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினேன். சொன்னது பொய்யல்ல, ஆனால் முழு உண்மையும் அல்ல. அவன் படிப்பது கம்யூனிடி காலேஜில். அந்தப் பெயரைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. வீட்டுக்குப் போன பிறகு அது மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. ஆகவேதான், செயலாளர் இன்று பேசச் சொன்னபோது இந்த விஷயத்தையே எடுத்துக்கொண்டேன்.

நமக்கெல்லாம் காலேஜ் என்றால் கட்-ஆஃப் மார்க்தான் நினைவுக்கு வரும். இடம் கிடைப்பது எவ்வளவு கஷ்டமோ, அவ்வளவு உசத்தி அந்தக் காலேஜ். எல்லோரையும் சேர்த்துக்கொள்கிற காலேஜ் என்றால் மட்டம் என்று முடிவு கட்டிவிடுகிறோம். சர்க்கார் உத்தியோகத்தில் விதிகளைப் படித்தே காலம் தள்ளியவன் நான். அதனால் இந்தக் காலேஜ்களின் அட்மிஷன் விதிகளை உட்கார்ந்து படித்தேன். படித்தபின் என் அபிப்பிராயம் மாறியது.

முதலில் சரித்திரம். அமெரிக்காவில் இந்த வகைக் காலேஜ்களில் மிகப் பழையது இல்லினாய் மாநிலத்து ஜோலியட்டில் 1901-ல் ஆரம்பமானது. கலிபோர்னியாவில் முதலாவது 1910-ல் ஃபிரெஸ்னோவில் வந்தது. 1960-ல் அந்த மாநிலம் உயர்கல்விக்கு ஒரு பெரிய திட்டம் வகுத்தது. பள்ளி இறுதி முடித்தவர்களில் முதல் எட்டில் ஒரு பங்கினருக்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகம்; முதல் மூன்றில் ஒரு பங்கினருக்கு ஸ்டேட் யூனிவர்சிடி; படித்துப் பயன்பெறக்கூடிய எவருக்கும் கம்யூனிடி காலேஜ். ஆக, எல்லோரையும் சேர்ப்பது சட்டம் போட்டு ஏற்றுக்கொண்ட கொள்கை. இன்று அந்த மாநிலத்தில் இவை 116 உள்ளன.

யார் சேரலாம்? பள்ளி இறுதி முடித்தவரோ, அதற்குச் சமமான பரீட்சை தேறியவரோ சேரலாம். இரண்டும் இல்லாவிட்டாலும், 18 வயது நிரம்பி, படிப்பால் பயன்பெறக்கூடியவர் என்றால் போதும். எஸ்.ஏ.டி. பரீட்சை வேண்டாம், சிபாரிசுக் கடிதம் வேண்டாம். உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போதே ஓரிரு பாடங்கள் எடுக்கவும் வழி உண்டு. அதற்குப் பள்ளியின் பரிந்துரையும் பெற்றோரின் சம்மதமும் வேண்டும். முன்பெல்லாம் சேர்ந்தவுடன் ஆங்கிலத்திலும் கணக்கிலும் பரீட்சை வைத்து, பலரை அடிப்படை வகுப்புகளில் உட்கார வைத்தார்கள். 2017-ல் வந்த சட்டம் அதை மாற்றியது. இப்போது பள்ளி மார்க்குகளைப் பார்த்து எந்த வகுப்பு என்று தீர்மானிக்கிறார்கள்.

நர்ஸிங், பல் சுகாதாரம் போன்ற படிப்புகளுக்கு இது பொருந்தாது. அங்கே இடங்கள் குறைவு. உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல் போன்ற பாடங்களை முதலில் முடித்துவிட்டு, அப்புறம் தனியாக மனுப்போட வேண்டும். காலேஜில் இடம் கிடைத்தாலே நர்ஸிங்கில் இடம் கிடைத்துவிட்டது என்று நினைக்கக்கூடாது.

அடுத்தது ஃபீஸ். இங்கேதான் விதிகளை ஊன்றிப் படிக்க வேண்டும். மாநிலவாசிகளுக்கு ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். 2012 முதல் இதே தொகைதான். ஒரு செமஸ்டருக்கு 12 யூனிட் எடுத்தால் 552 டாலர். புத்தகமும் சில சில்லறைக் கட்டணங்களும் தனி. வசதி குறைந்தவர்களுக்கு யூனிட் கட்டணம் தள்ளுபடியும் உண்டு. ஆனால் மாநிலவாசி என்று ஒப்புக்கொள்ள, வகுப்பு தொடங்குவதற்கு முன் ஒரு வருஷத்துக்குக் குறையாமல் அங்கே வசித்திருக்க வேண்டும்; அங்கேயே நிலைத்திருக்கும் எண்ணத்தையும் வருமான வரி, டிரைவிங் லைசென்ஸ் போன்ற ஆதாரங்களால் காட்ட வேண்டும். இல்லையென்றால் கட்டணம் பல மடங்காகிவிடும்.

விசா விஷயத்திலும் ஜாக்கிரதை தேவை. நம்மில் பலர் ஆறு மாதம் பெண் வீட்டுக்கோ பிள்ளை வீட்டுக்கோ போகிறோம். பி-2 என்ற சுற்றுலா விசாவில் போய் டிகிரிக்குக் கணக்கில் வரும் வகுப்பில் சேரக்கூடாது. காலேஜ் சேர்த்துக்கொண்டாலும் குடியேற்றச் சட்டப்படி அது தவறு. எச்-4 விசாவில் இருக்கும் நம் மருமகள்கள் தாராளமாகப் படிக்கலாம். நாட்டுப்பெண் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருக்கிறாள் என்று வருத்தப்படுகிற மாமிகள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். இங்கிருந்தே நேராகச் சேர விரும்பும் மாணவனுக்கு எஃப்-1 விசா வேண்டும். அவனுக்கு ஆங்கிலத் தகுதி, பணவசதிக்கான அத்தாட்சி, ஐ-20 படிவம் எல்லாம் உண்டு. வெளியாருக்கான கட்டணமும் உண்டு. எல்லோருக்கும் திறந்த கதவு என்றாலும், அவனுக்கு அது சுலபமானதும் அல்ல, மலிவானதும் அல்ல.

சரி, மார்க் கேட்காமல் சேர்த்துக்கொண்டால் படிப்பு எப்படி இருக்கும்? கேள்வியை வாசலில் கேட்பதில்லை, உள்ளே கேட்கிறார்கள். இரண்டு வருஷம் ஒழுங்காகப் படித்து 60 யூனிட் முடித்தால், மூன்றாம் வருஷத்துக்குப் பல்கலைக்கழகத்துக்கு மாறலாம். டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்ஸைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள், குறிப்பிட்ட பாடங்களையும் சராசரியையும் எட்டியவர்களுக்கு இடம் நிச்சயம் என்று முன்கூட்டியே வாக்குக் கொடுக்கின்றன. அதற்கு முந்தின வருஷம் செப்டம்பர் மாதத்திலேயே மனுப்போட வேண்டும். பெர்க்லியும் லாஸ் ஏஞ்சலீஸும் ஸான் டியேகோவும் அப்படி வாக்குக் கொடுப்பதில்லை. ஆனால் அங்கேயும் மனுப்போடலாம். கடைசியில் பல்கலைக்கழகம் தருவது முதல் வருஷத்திலிருந்தே அங்கே படித்தவனுக்குத் தரும் அதே பட்டம்தான்.

இதில் ஆபத்து இல்லாமல் இல்லை. சேருகிறவர்களில் பலர் பாதியில் நின்றுவிடுகிறார்கள். எந்தப் பாடத்தைப் பல்கலைக்கழகம் ஏற்கும் என்று பார்க்காமல் எடுத்து, வருஷத்தை வீணாக்குகிறவர்களும் உண்டு. முதல் செமஸ்டரிலேயே கவுன்சலரைப் பார்த்துப் பாடத்திட்டம் போட்டுக்கொள்வது மிக அவசியம். திறந்த கதவு உள்ளே போகத்தான் உதவும். மறுபக்கம் வெளியே வர நாம்தான் நடக்க வேண்டும்.

பிசிக்ஸ் படித்தவன் என்ற முறையில் ஒரு செய்தி சொல்லி முடிக்கிறேன். 1999 ஜூலையில் கொலம்பியா விண்கலம் ஒரு பெரிய எக்ஸ்ரே தொலைநோக்கியை விண்வெளியில் கொண்டுபோய் விட்டது. அதன் பெயர் சந்திரா. சென்னை பிரசிடென்சி காலேஜில் படித்து, 1983-ல் நோபல் பரிசு பெற்ற நம் சுப்ரமண்யன் சந்திரசேகரின் பெயர் அது. அந்தப் பயணத்துக்குத் தலைமை தாங்கியவர் ஐலீன் காலின்ஸ். விண்வெளி ஓடத்துக்குத் தலைமை ஏற்ற முதல் பெண்மணி அவர். அவர் காலேஜ் படிப்பைத் தொடங்கியது நியூயார்க் மாநிலத்துக் கார்னிங் கம்யூனிடி காலேஜில். 1976-ல் அங்கே முடித்துவிட்டு, ஸிரக்யூஸ் பல்கலைக்கழகத்துக்கு மாறி 1978-ல் பட்டம் பெற்றார்.

சந்திரசேகரின் பெயரைக் கேட்டால் நாம் எல்லோரும் நிமிர்ந்து உட்காருகிறோம். அந்தப் பெயரைத் தாங்கிய தொலைநோக்கியை மேலே கொண்டுபோனவர் எந்த வாசல் வழியாக வந்தார் என்பதையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். நம் வீட்டுக் குழந்தைகள் எந்தக் காலேஜில் நுழைந்தார்கள் என்று கேட்பதைவிட, அங்கே என்ன படித்தார்கள் என்று கேட்போம். நாம் மறைத்துப் பேசினால் அது குழந்தைகளுக்குத் தெரியாமல் போகாது. தாத்தாவே வெட்கப்படுகிறார் என்று தெரிந்தால் அவனுக்குப் படிக்க எப்படி மனசு வரும்?

அந்த நண்பர் இன்றும் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். ஸார், போன தடவை கேட்டீர்களே, அதற்கு இப்போது பதில் சொல்கிறேன். என் பேரன் கம்யூனிடி காலேஜில் படிக்கிறான், நன்றாகவே படிக்கிறான்.