கூடிப் போடும் கணக்கு

(சங்கத்தின் கல்விக்குழு நடத்திய மாணவர் வழிகாட்டி நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)





நாங்கள் மருத்துவர்கள் அல்லர். மருத்துவ ஆய்வுகளில் மருத்துவர்களோடு வேலை செய்யும் புள்ளியியலாளர்கள். "கணக்குப் போட ஒரு கம்ப்யூட்டர் போதாதா? நீங்கள் எதற்கு?" என்று கல்யாண வீடுகளில் எங்களைக் கேட்காதவர் இல்லை. அதற்குப் பதில் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறோம்.

1948இல் பிரிட்டனில் ஒரு காசநோய் ஆய்வு வெளியானது. ஸ்ட்ரெப்டோமைசின் அப்போது புதிய மருந்து. எல்லாருக்கும் கொடுக்கும் அளவுக்கு அது கிடைக்கவில்லை. 107 நோயாளிகளில் 55 பேருக்கு மருந்தும் படுக்கை ஓய்வும், 52 பேருக்கு ஓய்வு மட்டும். யாருக்கு எது என்பதை மருத்துவரின் விருப்பத்துக்கு விடாமல், குலுக்கிப் போட்டதுபோல் முன்கூட்டியே முடிவு செய்து ஒட்டிய உறைகளில் வைக்கச் செய்தவர் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் என்ற புள்ளியியலாளர். காசநோய் கண்டதால் மருத்துவம் படிக்கும் எண்ணத்தைக் கைவிட நேர்ந்தவர் அவர். ஆறு மாதத்தில் மருந்து பெற்றவர்களில் 4 பேரும் பெறாதவர்களில் 14 பேரும் இறந்திருந்தனர். இந்த எண்களை உலகம் நம்பியது. ஏனென்றால், ஹில் கடைசியில் கூட்டிக் கழிக்க வந்தவர் அல்லர். முதல் நோயாளி சேருமுன்பே மருத்துவர்களோடு உட்கார்ந்து பேசியவர். முதல் பாடம் இதுதான்: தொடக்கத்திலேயே போய் உட்காருங்கள்.

இரண்டாவது பாடத்தை நாங்கள் பட்டுத்தான் படித்தோம். ஒரு மருத்துவமனையிலிருந்து எங்களுக்கு ஒரு பட்டியல் வந்தது. 'இறப்பு' என்ற பத்தியில் சில கட்டங்கள் காலியாக இருந்தன. காலி என்றால் உயிரோடு இருக்கிறார்கள் என்று நாங்களே எடுத்துக்கொண்டோம். கணக்கு அழகாக வந்தது. சிகிச்சை நன்றாகப் பலித்ததுபோல் தெரிந்தது. அறிக்கையைப் படித்துக் காட்டிய கூட்டத்தில், பட்டியலைப் பதிந்த தாதி பின்வரிசையில் இருந்தார். தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கி, "அந்தக் கட்டங்கள் திரும்ப வராதவர்களுடையவை. என்ன ஆனார்கள் என்று தெரியாது" என்றார். வீடு வீடாக விசாரித்தபோது, அவர்களில் சிலர் இறந்துபோயிருந்தது தெரிந்தது. அவர் கை தூக்காமல் இருந்திருந்தால்? அன்று இரவு எங்களுக்குத் தூக்கம் வரவில்லை.

நம் பெரியவர்கள் கடை வைத்தவர்கள். இது அவர்களுக்குச் சட்டென்று புரியும். சரக்கு இறக்கியவரைக் கேட்காமல் கணக்கப்பிள்ளை எழுதும் ஏட்டில் கூட்டல் சரியாக இருக்கும், சரக்குதான் குறையும். 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு, வீட்டிலிருந்து மருந்து சாப்பிட்டாலும் சானடோரியத்தில் தங்கியதற்கு இணையான பலன் உண்டு என்று காட்டியது. சொல்லாமல் கொள்ளாமல் நோயாளிகளின் வீட்டுக்குப் போய், மீதி மருந்தை எண்ணிப் பார்த்தவர்களின் கால் நடையும் அந்தக் கணக்கில் இருக்கிறது.

மூன்றாவது, முகம் கோணாமல் மறுக்கத் தெரிய வேண்டும். 1988இல் வெளியான ஓர் ஆய்வு, மாரடைப்பு வந்த 17,000க்கும் மேற்பட்டவர்களைப் பார்த்து, ஆஸ்பிரின் உயிரிழப்பைக் குறைக்கிறது என்று கண்டது. இப்படி ஒரு முடிவு வந்தால், ஆண்களுக்கு எப்படி, முதியவர்களுக்கு எப்படி என்று கூறுபோட்டுப் பார்க்கும் ஆசை யாருக்கும் வரும். அந்த ஆய்வாளர்கள் பிறந்த தேதிப்படி ராசிவாரியாகவும் பிரித்துக் காட்டினார்கள்: மிதுனத்துக்கும் துலாத்துக்கும் ஆஸ்பிரின் பலிக்கவில்லை! மிதுன ராசிக்காரருக்கு எந்த மருத்துவராவது மருந்தை நிறுத்துவாரா? மிகச் சிறிதாகக் கூறுபோட்டால் தற்செயலும் உண்மைபோல் பேசும் என்பதை, யாரையும் நோகடிக்காமல் அந்தப் பட்டியல் சொல்லிவிட்டது. "டாக்டர், இந்த எண் அவ்வளவு பாரம் தாங்காது" என்று சொல்ல நேரும்போதெல்லாம் நாங்கள் இந்தக் கதையைத்தான் சொல்வோம். அவரும் சிரிப்பார், மறுநாளும் சேர்ந்து வேலை செய்வோம்.

பிள்ளைகளே, சூத்திரங்களைப் பல்கலைக்கழகம் கற்றுத் தரும். "எனக்கு இது விளங்கவில்லை, சொல்லித் தாருங்கள்" என்று தாதியிடமும் மருத்துவரிடமும் கேட்கும் பழக்கத்தை நீங்களேதான் வளர்த்துக்கொள்ள வேண்டும்.

கல்யாண வீட்டுக் கேள்விக்கும் இதுவே பதில். காலிக் கட்டத்தையும் கம்ப்யூட்டர் கணக்கில் சேர்த்துவிடும். இது ஏன் காலியாக இருக்கிறது என்று பின்வரிசையில் இருப்பவரிடம் எழுந்துபோய்க் கேட்பது நம் வேலை.