படிக்கும் கண்ணும் பார்க்கும் கருவியும்



வாசிப்பைப் பற்றி யார் எந்த முடிவைச் சொன்னாலும், வாசித்தவரை எப்படிப் பார்த்தார்கள் என்றுதான் முதலில் கேட்கத் தோன்றுகிறது. இன்றைய பேச்சும் அதைப் பற்றியதே.

படிக்கும்போது கண் வரியின் மேல் வழுக்கிக்கொண்டு போவதாகவே நமக்குப் படுகிறது. 1879 வாக்கில் பாரிஸில், எமில் ழவாலின் ஆய்வுக்கூடத்தில், லமார் என்பவர் படிப்பவரின் மேலிமையில் மழுங்கிய ஊசியை வைத்து, குழாய் வழியே காதுக்கு வந்த ஒலியை எண்ணினார். கண் வழுக்கவில்லை, நின்று நின்று தாவியது. ஆனால் காதால் எண்ணத்தான் முடிந்தது. எந்தச் சொல்லில் நின்றது, எவ்வளவு நேரம் நின்றது என்பது பிடிபடவில்லை.

அதைப் பிடிக்க அமெரிக்காவில் எட்மண்ட் ஹியூய் 1900ஐ ஒட்டிச் செய்த காரியம் துணிச்சலானது. கண்ணை மருந்திட்டு மரக்கச் செய்து, கருவிழியின் மேல் பாரிஸ் சாந்தால் ஆன சின்னஞ்சிறு கிண்ணத்தைப் பொருத்தினார். பார்ப்பதற்கு நடுவில் ஒரு துளை. கிண்ணத்தோடு இணைத்த அலுமினிய முள், புகையூட்டிய தாள் சுற்றிய உருளையில் கண்ணின் போக்கைக் கீறியது. மின்பொறி இட்ட புள்ளிகள் நேரக்கணக்கைத் தந்தன. (இன்றைய நெறிமுறைக் குழு எதுவும் இதற்குக் கையெழுத்துப் போடாது.) பதிவு அருமையானதுதான். ஆனால் அது கண்ணில் சுமையோடு உட்கார்ந்தவரின் வாசிப்பு. 1901இல் ரேமண்ட் டாட்ஜ் கருவிழியில் பட்டுத் திரும்பும் ஒளியைப் படமெடுத்ததும் கண்ணைத் தொடும் தேவை ஒழிந்தது.

1975இல் மெக்கோன்கி, ரேனர் என்ற ஆய்வாளர்கள் இந்த ஆய்வுக்குக் கணினியைக் கொண்டுவந்தார்கள். கண் நிற்கும் இடத்தைச் சுற்றிச் சில எழுத்துகள் மட்டும் தெரியும், மற்றவை மறைந்திருக்கும். கண் நகர, அந்தச் சன்னலும் நகரும். ஆங்கிலம் படிப்பவர் இடப்பக்கம் 3, 4 எழுத்துகளையும் வலப்பக்கம் 14, 15 எழுத்துகள் வரையிலும் பயன்கொள்கிறார் என்பது இந்த வகை ஆய்வுகளால் தெரிந்தது. 1981இல் எபிரேயம் படிப்பவர்களைப் பார்த்தபோது சாய்வு இடப்பக்கம் இருந்தது. ஆங்கிலத்தோடு நிறுத்தியிருந்தால், எழுத்தோடும் திசையால் வந்ததைக் கண்ணின் இயல்பு என்றே பாடநூலில் எழுதியிருப்போம்.

கண்ணைப் பார்க்காமலே வாசிப்பை அளக்கும் முறையும் உண்டு. பொத்தானை அழுத்த அழுத்த ஒவ்வொரு சொல்லாகத் திரையில் வரும் அந்த முறை செலவு குறைந்தது, அதனால் பரவலானது. பெரியவர்களின் கண் தாவல்களில் நூற்றுக்கு 10 முதல் 15 வரை பின்னோக்கிப் போகிறவை. இந்த முறையில் அதற்கு இடமே இல்லை. திரும்ப முடியாதவர் சொல்லிலேயே தங்குகிறார். அந்தத் தாமதம் முழுவதையும் வாக்கியத்தின் சிக்கல் என்று எழுதுவது தவறு.

நம் ஊருக்கு வருவோம். 2005 முதல் நடக்கும் ஏசர் (ASER) என்னும் கல்வி நிலை ஆய்வில், வீட்டுக்கு வரும் தன்னார்வலரிடம் பிள்ளை எழுத்து, சொல், பத்தி, இரண்டாம் வகுப்புக் கதை என்று வாய்விட்டுப் படிக்கிறது. வாய்விட்டுப் படிக்கையில் கண் குரலுக்கு முன்னே ஓடிக் காத்திருக்கும். பஸ்வெல் என்ற ஆய்வாளர் 1920இலேயே இதை அளந்திருக்கிறார். போதாததற்கு எதிரே அறிமுகமில்லாத ஆள். எழுத்துக்கூட்டவும் சரளமாகப் படிக்கவும் வருமா என்று பார்க்க ஏசர் நல்ல சோதனை. அது தரும் எண்ணைப் பிள்ளையின் வாசிப்புப் பழக்கத்துக்குச் சான்றாக்குவதுதான் எனக்கு உடன்பாடில்லை.

ஆய்வேடு எழுதப்போகும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். படித்தவர் வாய்விட்டுப் படித்தாரா, மனத்துக்குள்ளா, தாளிலா, திரையிலா, திரும்பிப் பார்க்க வழியிருந்ததா, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதையெல்லாம் பின்னிணைப்பில் தள்ளாதீர்கள். முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.